கணக்கு சரி, பேரேடு பூட்டில்: 2009 மின்னஞ்சல் கசிவு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

காலநிலை அறிவியலாளர்களை மக்கள் ஏன் நம்ப மறுக்கிறார்கள் என்ற பேச்சு எங்கே தொடங்கினாலும், கொஞ்ச நேரத்தில் 2009 நவம்பருக்கு வந்து நிற்கும். இங்கிலாந்தின் நாரிச் நகரிலுள்ள கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆய்வு மையத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் திருடப்பட்டு வெளியான மாதம் அது. பின்னால் நடந்த விசாரணைகள் எல்லாமே ஆய்வாளர்கள் மோசடி செய்யவில்லை என்றே சொல்லின. ஆனாலும் ஐயம் தீரவில்லை.

ஆய்வு முடிவுகள் சரியாக இருந்தபோதும் நம்பிக்கை எப்படி, எந்த இடத்தில் போனது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் பொதுப் பதிவில் கிடைக்கும். இந்த ஆய்வுக்கு அவை தேவைப்படவில்லை, அதனால் பொறுப்புகளை வைத்தே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

மையம் 1972இல் தொடங்கப்பட்டது. பெயருக்கு இருந்த கனத்தோடு ஒப்பிட்டால் இடமும் ஆட்களும் குறைவு. நிலப்பரப்பின் வெப்பநிலைப் பதிவைத் தொகுப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. பல நாடுகளின் வானிலைத் துறைகளிடமிருந்து ஒவ்வொரு நிலையத்தின் மாதச் சராசரியையும் வாங்குவார்கள். நிலையம் இடம் மாறியிருக்கும், கருவி மாறியிருக்கும், வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளும் நேரம்கூட மாறியிருக்கும். அதையெல்லாம் சரிக்கட்டி, பூமியைக் கட்டங்களாகப் பிரித்துச் சராசரி காண்பார்கள். பிரிட்டன் வானிலைத் துறையின் ஹாட்லி மையம் தரும் கடல் வெப்பநிலையும் இதனுடன் சேரும்போது உலகச் சராசரி கிடைக்கும். ஐநாவின் காலநிலைக் குழுவான ஐபிசிசி தன் அறிக்கைகளில் நம்பியிருந்த முக்கியப் பதிவுகளில் இதுவும் ஒன்று. அமெரிக்காவில் விண்வெளி நிறுவனமான நாசாவும், கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவும் இதே கணக்கைத் தனித்தனியே போட்டுவந்தன. மூன்றும் ஏறத்தாழ ஒரே கோட்டைத்தான் வரைந்தன.

சிக்கல் மூலத் தரவில் இருந்தது. சில நாடுகள் தங்கள் வானிலைப் பதிவுகளை விலைக்கு விற்பவை. சில நாடுகள், வேறு யாருக்கும் தரக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தவை. அந்த உடன்பாடுகளில் பல இருபது ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. சில எழுத்தில் இருந்தன, சில வாய்மொழியோடு நின்றுவிட்டன. எந்த நிலையத்தின் எண்ணை வெளியிடலாம், எதைக் கூடாது என்று ஒரு சுத்தமான பட்டியல்கூட மையத்திடம் இல்லை. ஆய்வாளர்களுக்கு இது ஒரு குறையாகத் தோன்றவில்லை. கட்டச் சராசரிகள்தான் வெளியே இருக்கின்றனவே, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவர்கள் நினைப்பு.

2005 ஜனவரியில் பிரிட்டனின் தகவல் சுதந்திரச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே, மூலத் தரவு கேட்ட வெளிநாட்டு ஐயவாதி (வெப்பநிலைக் கணக்கைச் சந்தேகிப்பவர்) ஒருவருக்கு மைய இயக்குநர் பதில் எழுதினார். இந்த வேலையில் 25 ஆண்டு உழைப்பு இருக்கிறது. இதில் குறை கண்டுபிடிப்பதே உங்கள் நோக்கம் என்றிருக்கும்போது நான் எதற்காகத் தரவைத் தர வேண்டும் என்பது அதன் சாரம். அவர் இடத்தில் இருந்து பார்த்தால் கோபம் புரிகிறது. ஆனால் அறிவியலில் ஒரு முடிவு நிலைப்பதே, குறை காண வந்தவர்கள் தேடியும் கிடைக்காமல் திரும்பிப் போவதால்தான். ஐயவாதிகளுக்குப் பிற்பாடு இந்த ஒரு பதிலைத் தவிர வேறு ஆயுதம் தேவைப்படவில்லை.

எதிர்த்தரப்பின் கோரிக்கைகள் எல்லாமே நேர்மையான ஆர்வத்தில் வந்தவை என்றும் சொல்ல முடியாது. 2009 ஜூலையில் சில நாட்களுக்குள் 60 அளவிலான கோரிக்கைகள் பல்கலைக்கழகத்துக்கு வந்தன. பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை: இந்த இந்த நாடுகளுடனான ரகசிய உடன்பாடுகளைத் தருக என்று கேட்டு, ஒவ்வொருவரும் ஐந்து நாடுகளின் பெயரை நிரப்பி அனுப்பியிருந்தார்கள். ஒரு கோரிக்கையில் நாடுகளின் பெயரே இல்லை. ‘ஏற்கெனவே கேட்கப்படாத ஐந்து நாடுகளை இங்கே நிரப்பவும்’ என்ற மாதிரிக் கடிதத்தின் குறிப்பு அப்படியே அடைப்புக்குறியோடு இருந்தது. கடிதத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறார். மையத்தில் இருந்த சிலர் இதைத் தொல்லையாக மட்டும் பார்த்ததற்கு இப்படிப்பட்ட கடிதங்களும் ஒரு காரணம்.

வெளியானவை

நவம்பர் 17 அன்று கோப்புகள் வெளியே வரத் தொடங்கின. 20ஆம் தேதிக்குள் நாளிதழ்கள் எடுத்துக்கொண்டன. கோபன்ஹேகன் காலநிலை மாநாடு டிசம்பர் 7 அன்று தொடங்கவிருந்தது. இந்தத் தேதிப் பொருத்தம் தற்செயல் என்று நம்புவது கடினம். ஆனால் திருடியவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. வெளியிலிருந்து நடந்த திட்டமிட்ட ஊடுருவல் என்று சொல்லிவிட்டு, 2012 ஜூலையில் நார்ஃபோக் காவல்துறை வழக்கை முடித்துக்கொண்டது.

பதின்மூன்று ஆண்டுக் கடிதப் போக்குவரத்திலிருந்து கடைசியில் மக்கள் மனதில் தங்கியது மூன்று நான்கு வரிகள்தான்.

ஒன்று, 2004இல் எழுதியது. குறிப்பிட்ட இரண்டு கட்டுரைகளை ஐபிசிசி அறிக்கைக்குள் விடமாட்டோம், அதற்காக எது சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு உட்பட்ட கட்டுரை என்பதையே மாற்றி எழுத வேண்டியிருந்தாலும் சரி என்ற வீறாப்பு. நடந்தது வேறு. 2007 அறிக்கையில் அந்த ஆய்வுகள் குறிப்பிடப்பட்டன. படித்தவர்கள் வீறாப்பை நினைவில் வைத்தார்கள், அதற்குப் பின் நடந்ததைத் தேடிப் பார்க்கவில்லை.

இன்னொன்று 2008இல் எழுதியது. ஐபிசிசி அறிக்கை தொடர்பான மின்னஞ்சல்களை அழித்துவிடும்படி சக ஆய்வாளர்களைக் கேட்கிறது. இதற்கு நல்ல விளக்கம் எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

மூன்றாவதுதான் பெரும்புயலைக் கிளப்பியது. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒரு வரைபடம்

1999 நவம்பரில் எழுதிய மின்னஞ்சலில், இன்னொருவருடைய ‘உத்தி’யைப் பயன்படுத்தி ‘சரிவை மறைத்து’ ஒரு வரைபடத்தை முடித்துவிட்டதாக ஒரு வரி வருகிறது. வெப்பநிலை குறைந்துவருவதை மறைத்திருக்கிறார்கள் என்று ஊடகங்களில் பலரும் இதைப் படித்தார்கள். கடிதம் எழுதிய காலத்தைப் பார்த்திருந்தாலே இந்த வாசிப்பு நிற்காது என்று தெரிந்திருக்கும். அதற்கு முந்தைய ஆண்டான 1998, அதுவரையிலான கருவிப் பதிவிலேயே அதிக வெப்பமான ஆண்டு. மறைக்க வேண்டிய வெப்பநிலைச் சரிவு எதுவும் அப்போது இல்லை.

சரிந்தது மர வளையங்களின் அடர்த்தி. வெப்பமானி இல்லாத நூற்றாண்டுகளின் வெப்பநிலையை மர வளையங்களிலிருந்து ஊகிக்கிறார்கள். வட அட்சரேகைகளில் உள்ள சில மரங்களின் வளைய அடர்த்தி 1960 வரை வெப்பமானியோடு ஒத்துப் போகிறது. அதற்குப் பிறகு வெப்பமானி ஏற, வளையம் இறங்குகிறது. இது ரகசியமும் அல்ல. அதே மையத்தைச் சேர்ந்தவர்கள் 1998இலேயே நேச்சர் இதழில் இதைப் பற்றி எழுதியிருந்தார்கள்.

அப்படியானால் தப்பு எங்கே? அந்த வரைபடம் 1999ஆம் ஆண்டின் காலநிலை பற்றி உலக வானிலை அமைப்பு வெளியிட்ட அறிக்கையின் அட்டையில் வந்தது. ஆயிரம் ஆண்டுகளைக் காட்டும் மூன்று கோடுகள் அதில் இருந்தன. மர வளைய அடர்த்திக் கோட்டை 1960இல் வெட்டிவிட்டு, அதற்குப் பின் வெப்பமானிப் பதிவை ஒட்டி, இரண்டும் ஒரே கோடு போலத் தெரியும்படி மழுக்கியிருந்தார்கள். கோடு எங்கே மாறுகிறது என்பதற்கு நிறமாற்றமோ புள்ளிக்கோடோ கிடையாது. படத்தின் அடியிலும் இந்த ஒட்டு தெளிவாகச் சொல்லப்படவில்லை. அட்டையைப் பார்ப்பவர் மர வளையமே 2000 வரை ஏறிக்கொண்டு போகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். 1960க்குப் பின் ஒத்துப் போகாத ஒன்று 1960க்கு முன், அதுவும் வெப்பமானியே இல்லாத காலத்தில், ஒத்துப் போயிருக்கும் என்று எப்படி நம்புவது என்பது நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பே அந்த அட்டையில் வாசகருக்குக் கிடைக்கவில்லை.

கோட்டை வெட்டியதும் ஒட்டியதும் அதனளவில் தவறில்லை, அதைச் சொல்லாமல் விட்டதால்தான் படம் தவறாக வழிநடத்தியது என்றே பின்னால் விசாரணைக் குழுவும் முடிவு செய்தது. எனக்கும் இதைவிடச் சரியான தீர்ப்பு தோன்றவில்லை.

முதல் இரண்டு வாரம்

கசிவு வெளியானதும் பல்கலைக்கழகத்தின் முன் இரண்டு வழிகள் இருந்தன: சர்ச்சைக்குரிய வரிகளை எடுத்து ஒவ்வொன்றாக உடனே விளக்குவது, அல்லது இது ஒரு குற்றம், காவல்துறை விசாரிக்கிறது என்று சொல்லி ஒதுங்குவது. முதல் நாட்களில் அது தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் இரண்டாவதை. சட்ட ஆலோசகர்கள் இருக்கும் எந்த நிறுவனமும் இப்படித்தான் செய்திருக்கும். திருட்டு நடந்தது உண்மை. காவல்துறை விசாரணையில் இருக்கும் விஷயத்தைப் பேசத் தயங்கியதும் இயல்பு.

ஆனால் அந்த இடைவெளியில் மின்னஞ்சல்களுக்குப் பொருள் சொல்லும் வேலையை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். டிசம்பர் 1 அன்று இயக்குநர் விசாரணை முடியும்வரை பொறுப்பிலிருந்து விலகி நின்றார். அதற்குள் ‘சரிவை மறை’ என்பது பாட்டாகவும் பதாகையாகவும் ஆகியிருந்தது. விளக்கம் வந்தபோது அது சாக்குப்போக்காகத்தான் காதில் விழுந்தது. ஆய்வாளர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. மாநாட்டின் தொடக்கத்திலேயே சவூதி அரேபியப் பிரதிநிதி, அறிவியலின் மீதான நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது என்ற கருத்தில் பேசினார்.

போதாக்குறைக்கு 2010 ஜனவரியில் இன்னொன்று வெடித்தது. இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று 2007 ஐபிசிசி அறிக்கையின் இரண்டாம் தொகுதியில் ஒரு வரி இருந்தது. அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ஜனவரி 20 அன்று ஐபிசிசி வருத்தம் தெரிவித்தது. நாரிச் மையத்துக்கும் இந்த வரிக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனால் செய்தி படிப்பவருக்கு இரண்டும் ஒரே கதையின் அடுத்தடுத்த பாகங்களாகத் தெரிந்தன.

விசாரணைகள்

பிரிட்டனில் மட்டும் மூன்று முக்கிய விசாரணைகள் நடந்தன. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம், கசிந்த மின்னஞ்சல்களில் இடம்பெற்ற தன் ஆய்வாளரைத் தனியே விசாரித்து விடுவித்தது.

2010 மார்ச் 31 அன்று நாடாளுமன்றத்தின் அறிவியல் தொழில்நுட்பக் குழு அறிக்கை தந்தது. இயக்குநரின் அறிவியல் நற்பெயருக்குக் குறைவில்லை என்றது. தரவைப் பகிராமல் இருப்பது அந்தத் துறையின் பொது வழக்கம்தான், ஆனால் அந்த வழக்கம் மாற வேண்டும் என்றது. தகவல் கோரிக்கைகளைப் பல்கலைக்கழகம் கையாண்ட விதத்தைக் கடிந்துகொண்டது.

ஏப்ரல் 14 அன்று வந்த இரண்டாவது அறிக்கை சில பக்கங்களில் முடிந்துவிட்டது. வேண்டுமென்றே செய்த முறைகேடு எதுவும் இல்லை என்றது. இவ்வளவு புள்ளியியல் சார்ந்த துறையில் தொழில்முறைப் புள்ளியியலாளர்களோடு சேர்ந்து வேலை செய்யாதது வியப்பாக இருக்கிறது என்றும் சொன்னது. இரண்டுமே உபயோகமான கருத்துகள். ஆனால் அந்தக் குழுவின் தலைவர் காற்றாலைத் தொழிலிலும் கார்பன் சேமிப்புத் துறையிலும் பொறுப்பு வகித்தவர். அவர் நேர்மையைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் இல்லை. ஆனாலும் ஐயத்தைத் தீர்க்க அமைக்கும் குழுவுக்கு அப்படி ஒருவரைத் தலைவராக்கினால் என்ன பேசுவார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா?

மூன்றாவதுதான் பெரிய விசாரணை. அது அறிமுகமான அன்றே ஒரு உறுப்பினரை இழந்தது. நேச்சர் இதழின் தலைமை ஆசிரியரான அவர், ஆய்வாளர்கள் தவறு செய்யவில்லை என்ற பொருளில் ஏற்கெனவே பேட்டி கொடுத்திருந்தது வெளியே வர, சில மணி நேரத்தில் விலகினார். அப்புறம் ஜூலை 7 அன்று வந்த அறிக்கை, ஆய்வாளர்களின் நேர்மையிலும் கண்டிப்பிலும் ஐயம் இல்லை, ஆனால் வெளிப்படைத்தன்மையைத் தொடர்ந்து காட்டத் தவறியிருக்கிறார்கள் என்றது. மையத்தினரிடம் மட்டுமல்ல, பல்கலைக்கழகத்திடமும் அந்தக் குறை இருந்ததாகச் சொன்னது.

அந்தக் குழு இன்னொன்றும் செய்தது. அது இவ்வளவு நேரம் சொன்ன எல்லாத் தீர்ப்புகளையும்விட முக்கியமானது என்று நினைக்கிறேன். மையம் தரவை மறைத்ததால் அதன் கணக்கை யாராலும் சரிபார்க்க முடியவில்லை என்பதுதானே குற்றச்சாட்டு? சரி, முடிகிறதா என்று குழுவே முயன்றது. பொதுவெளியில் கிடைக்கும் நிலையத் தரவுகளை இறக்கி, சொந்தமாக நிரல் எழுதி, வெப்பநிலைக் கோட்டைத் தாங்களே வரைந்தார்கள். இரண்டு நாட்களுக்குள் வேலை முடிந்தது. மையத்தின் கோட்டோடு அது ஒத்துப் போனது.

இதற்கிடையே தகவல் ஆணையர் அலுவலகம், கோரிக்கைகள் சட்டப்படி கையாளப்படவில்லை என்று சொன்னது. ஆனால் வழக்குத் தொடுக்க ஆறு மாதக் கெடு உண்டு, அது முடிந்துவிட்டிருந்தது. குற்றம் நிரூபணமும் ஆகவில்லை, நிரபராதி என்ற பெயரும் கிடைக்கவில்லை. யாருக்கும் திருப்தி தராத முடிவு அது.

இயக்குநர் ஜூலையில் ஆய்வு இயக்குநர் என்ற மாற்றப்பட்ட பொறுப்போடு திரும்பி வந்தார்.

மக்கள் கருத்து எங்கே போனது

கசிவுதான் மக்களின் நம்பிக்கையைக் குலைத்தது என்று இரு தரப்பும் சொல்வதுண்டு. அமெரிக்கக் கணிப்புகளைப் பார்த்தால் அது அவ்வளவு நேரானதாக இல்லை. பூமி வெப்பமடைவதற்கு உறுதியான ஆதாரம் இருக்கிறது என்று சொன்னவர்கள் 2008 ஏப்ரலில் 71 சதவீதம், 2009 அக்டோபரில் 57 சதவீதம் என்று பியூ ஆய்வு மையம் கண்டது. அதாவது பெரிய இறக்கம் மின்னஞ்சல்கள் வெளியாவதற்கு முன்பே நடந்துவிட்டது. பொருளாதாரச் சரிவும் வேலையிழப்பும் உச்சத்தில் இருந்த காலம் அது. காலநிலைச் சட்டத்தை ஒட்டி அங்கே கட்சி வாரியாகப் பிளவு கூர்மையாகிக்கொண்டும் இருந்தது.

கசிவு எதையுமே செய்யவில்லை என்றும் பொருள் இல்லை. அதன் தாக்கத்தை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தனியே அளந்தார்கள். அறிவியலாளர்கள் மீதான நம்பிக்கை குறைந்தது முதன்மையாக அரசியலில் பழைமைவாதம் சார்ந்தவர்களிடமும், அரசுத் தலையீட்டை வெறுக்கும் தனிமனிதவாத நோக்கு கொண்டவர்களிடமும்தான் என்று கண்டார்கள். ஏற்கெனவே சந்தேகித்தவர்களுக்குக் கையில் ஓர் ஆதாரம் கிடைத்தது. மற்றவர்களில் பலர் இந்தச் சர்ச்சையைப் பின்தொடரக்கூட இல்லை.

என் வாசிப்பு இது: கணக்குப்பிள்ளை நேர்மையானவர் என்று நான்கு பேர் வந்து சாட்சி சொன்னாலும், பேரேட்டைக் காட்ட மாட்டேன் என்று அவர் ஒருமுறை சொன்னதை ஊர் மறக்காது. விசாரணைகள் சாட்சி சொல்லும் வேலையைச் செய்தன. பேரேடு திறந்தது அதற்கும் பிறகுதான்.

பேரேடு திறந்தபின்

2011 ஜூலையில் மையம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களின் தரவை வெளியிட்டது. ஒப்புதல் தர மறுத்த போலந்தின் 19 நிலையங்கள் மட்டும் விடுபட்டன. தகவல் ஆணையர் உத்தரவிட்ட பிறகே இது நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தரவிலிருந்து கோட்டைப் புரட்டிப் போடும் எதையும் யாரும் கண்டெடுக்கவில்லை.

அதே காலத்தில் கலிபோர்னியாவில், இந்த வெப்பநிலைப் பதிவுகளை வெளிப்படையாகவே சந்தேகித்த ஓர் இயற்பியலாளர், பெர்க்லி எர்த் என்ற குழுவை அமைத்து முழுக் கணக்கையும் புதிதாகப் போட்டார். நன்கொடை தந்தவர்களில் காலநிலை நடவடிக்கைகளை எதிர்ப்பவர்களுக்கும் பணம் கொடுத்துவந்த கோக் அறக்கட்டளை ஒன்றும் உண்டு. ஏறத்தாழ 39,000 நிலையங்களின் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். 2011 அக்டோபரில் வந்த முடிவு பழைய கோடுகளோடு பொருந்தியது. அடுத்த ஆண்டு அவர் தான் மனம் மாறியதை அறிவித்ததோடு, வெப்ப உயர்வுக்குக் காரணம் ஏறக்குறைய முழுக்க மனிதச் செயல்களே என்றும் சொன்னார்.

இங்கே ஒரு சிறு கதை. வானிலை நிலையங்களின் தரத்தைக் கேள்வி கேட்டுப் பெயர் பெற்ற ஐயவாதி ஒருவர், என் கருத்து தவறு என்று நிரூபணமானாலும் பெர்க்லி குழுவின் முடிவு எதுவாயினும் ஏற்பேன் என்று 2011 மார்ச்சில் எழுதினார். முடிவு வந்ததும் ஏற்கவில்லை. எடுத்துக்கொண்ட காலப்பகுதி சரியில்லை, சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு முன்பே வெளியிட்டுவிட்டார்கள் என்பவை அவர் சொன்ன காரணங்கள். அவை முற்றிலும் பொருளற்றவை அல்ல. ஆனாலும் தரவைத் திறந்தால் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள் என்ற எதிர்பார்ப்பு பலிக்காது என்பதற்கு இந்த ஒரு உதாரணம் போதும். திறந்ததால் கிடைத்த பலன் வேறு: ‘சரிபார்க்க விடவில்லை’ என்ற வாதம் அதோடு செல்லாக்காசாகிவிட்டது. நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வாதம்தான் உண்மையில் உறுத்திக்கொண்டிருந்தது.

ஐபிசிசியும் கொஞ்சம் மாறியது. உலக அறிவியல் கழகங்களின் கூட்டமைப்பு 2010 ஆகஸ்டில் தந்த பரிந்துரைகளை ஒட்டி, அறிக்கையில் பிழை இருப்பதாக யாராவது சொன்னால் அதை எப்படிப் பரிசீலித்துத் திருத்துவது என்பதற்கு 2011இல் முறையான வழி வகுத்தது. அதற்கு முன் அப்படி ஒன்று இல்லாமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

மாற்றியிருக்க வேண்டியவை

அந்த அட்டைப் படத்தைச் சரிசெய்ய, ‘1960க்குப் பின் வெப்பமானிப் பதிவு’ என்று படத்தின் அடியில் ஒரு குறிப்பும், கோட்டில் ஒரு நிறமாற்றமும் போதும். நிபுணர்களுக்கான கட்டுரையில் வரம்புகளை விரிவாகச் சொல்லிவிட்டு, பொதுமக்களுக்கான படத்தில் அவற்றை வழித்தெடுத்துவிடும் பழக்கம் இன்றும் இருக்கிறது. எளிமைப்படுத்துகிறோம் என்ற நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் பொதுமக்களில் ஒருவர் மூலக் கட்டுரையைத் தேடிப் படித்துவிட்டால், அந்த எளிமை அவருக்கு மறைப்பாகத்தான் தெரியும்.

முதல் இரண்டு வார மௌனத்துக்கு மாற்று இருந்தது. திருட்டைப் பற்றிக் காவல்துறை பேசட்டும், வரைபடத்தைப் பற்றி நாங்கள் பேசுகிறோம் என்று பல்கலைக்கழகம் பிரித்திருக்கலாம். 1998 நேச்சர் கட்டுரையையும் அட்டைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே வெட்டினோம், ஏன் வெட்டினோம், குறிப்பு போடாதது எங்கள் தவறு என்று ஒரே பக்கத்தில் சொல்லியிருக்கலாம். தகவல் கையிலேயே இருந்தது.

மூன்றாவது கடினமானது. தரவு கேட்டு வருபவர் உண்மையாகவே சரிபார்க்க வருகிறாரா, அலைக்கழிக்க வருகிறாரா என்று முடிவு செய்யும் வேலை அந்த ஆய்வாளரிடமே விடப்பட்டிருந்தது. தன் ஆய்வைக் குறை சொல்ல வந்தவரைப் பற்றி யாராலும் நடுநிலையாக முடிவெடுக்க முடியாது. முடிவெடுக்கவும் தேவையில்லை, ஏனென்றால் கேட்பவரின் நோக்கத்தைத் தகவல் சுதந்திரச் சட்டம் கேட்பதில்லை. கோரிக்கைகளைக் கவனிக்க ஆய்வுக் குழுவுக்கு வெளியே ஒருவரும், எந்த நிலையத்தின் எண் யார் நிபந்தனையில் வந்தது என்று பதிவேடு வைக்க ஒருவரும் 2005இலேயே இருந்திருந்தால், 2009 ஜூலையில் வந்த 60 கடிதங்களுக்கும் ஒரே பதிலாக அந்தப் பதிவேட்டை அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். நடைமுறையில் ஆய்வு நிதி கட்டுரைக்குக் கிடைக்கும், பதிவேட்டுக்குக் கிடைக்காது. அந்த இரண்டு சம்பளத்தை எந்தத் தலைப்பில் கேட்பது என்பதில் பல ஆய்வு மையங்கள் இன்னும் திணறிக்கொண்டுதான் இருக்கின்றன.